ஒப்பேத்தியின் வீடு

மெக்கானிக்கின் மனைவி வீட்டை விட்டுப் போன அன்று மாலை, ஊரிலிருந்த மோட்டார் சைக்கிள்களில் பாதி, ஓட்டுகிறவர்களின் பேச்சைக் கேட்காமல், அவள் போய்ச் சேர்ந்த தெருவுக்குப் போய் வரிசையாக நின்றன. தபால்காரருடையது முதலில் வந்தது. அவர் இடப்பக்கம் ஒடிக்க, வண்டி வலப்பக்கம் திரும்பி, துணிக்கடை மாடிப்படியின் கீழே வந்து நின்று, சாவியை எடுத்த பிறகும் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலேயே பால்காரர் வந்தார், பிறகு பள்ளிக்கூட வாத்தியார், பிறகு வேறு எங்கோ போய்க்கொண்டிருந்த இன்னும் பலர். கூப்பிடாத வீட்டுக்கு விருந்துக்கு வந்துவிட்டவர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று மத்தியானம்தான் மாடி அறையை வாடகைக்குப் பிடித்திருந்த அவள், சத்தம் பொறுக்காமல் இறங்கி வந்து, கைக்கு எட்டிய முதல் டாங்க்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அது அடங்கியது. மற்றவற்றையும் அப்படியே ஒவ்வொன்றாகத் தொட்டு அடக்கிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அதன் பிறகு வண்டிகள் ஒழுங்காக அவரவர் வீட்டுக்குப் போயின.

அந்த வண்டிகளைச் செய்த கம்பெனி மூடி வெகு காலமாகியிருந்தது. ஒரு பாகம் தேய்ந்து போனால் அசல் கிடைக்காது. வண்டியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான் என்று எல்லோரும் கை விரித்தபோது, மெக்கானிக் ஒருவர்தான் விரிக்கவில்லை. இல்லாத பாகத்துக்கு இருக்கிற எதையாவது அராவி, வளைத்து, மரை போட்டு, எஞ்சினுக்குள் உட்கார வைத்துவிடுவார். எப்படியண்ணே என்று கேட்டால், “ஏதோ ஒப்பேத்தியிருக்கேன், பார்த்து ஓட்டு” என்பார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. ஒப்பேத்தி என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கேட்டு வந்தால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று பக்கத்துக் கடைக்காரர் அனுப்பிவிடுவார்.

ஆரம்பத்தில் பழைய இரும்புக் கடையிலும் ஆணிக்கடையிலும் தேடித்தான் ஒப்பேற்றினார். ஆனால் வண்டி நின்றுபோனவனுக்கு நாளைக்கு என்ற பேச்சே பிடிக்காது. பட்டறையை ஒட்டியே வீடு. ஒருமுறை பால்காரர் கேன்களோடு வந்து அழாத குறையாக நின்றபோது, ஒப்பேத்தி உள்ளே போய் அலமாரிக் கதவின் கீலிலிருந்து ஒரு முள்ளை உருவிக்கொண்டு வந்தார். அராவிப் பார்த்தால், எஞ்சினுக்குள் தேய்ந்துபோன ராக்கர் பின் என்கிற ஆணி இருந்த இடத்தில் அது பிறந்த வீட்டில் உட்காருவதுபோல் உட்கார்ந்தது. அன்றைக்குப் பிறகு வேறெங்கும் தேட அவருக்குத் தோன்றவில்லை. பூட்டின் ஸ்பிரிங் வாத்தியாரின் கிளட்சுக்குப் போனது. கட்டில் போல்ட் தபால்காரர் வண்டியின் எஞ்சினைத் தாங்கப் போனது. ஜன்னல் கொக்கி, கண்ணாடியைச் சுவரில் பிடித்திருந்த தகடு, திரைச்சீலைக் கம்பி எல்லாம் போயின. பவுடர் டப்பாவின் மூடிகூட வட்டமாக வெட்டப்பட்டு ஏதோ ஒரு எஞ்சினின் இடைவெளியை அடைக்கப் போனது.

மனைவி முதலில் சிரித்தாள். அலமாரிக் கதவைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, “இனிமே திறக்கிற வேலை இல்லை, தூக்குற வேலைதான்” என்றாள். வீட்டுக் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தாள். ஜன்னலைத் துணி கிழித்துக் கட்டினாள். கண்ணாடி தரைக்கு வந்தபின், அதன் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலை வாரினாள். கட்டிலில் இடப்பக்கம் படுப்பவர் முதலில் படுக்க வேண்டும், வலப்பக்கம் படுப்பவர் முதலில் எழ வேண்டும். இல்லையென்றால் கட்டில் மடங்கிவிடும். அதனால் அவர்கள் சண்டை போட்டுக்கொண்ட நாட்களில்கூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டுதான் படுக்கவும் எழவும் வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கென்று இருந்தது ஒரு தையல் மெஷின். கல்யாணத்துக்கு முன்பே தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. அதை மட்டும் தொடாதீர்கள் என்று அவள் சொன்னதில்லை. அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

ஒரு விடியற்காலையில் நர்சம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஊருக்கு வெளியே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி, குழந்தை குறுக்காகக் கிடக்கிறது, வண்டியில் நெருப்புப் பொறி வரவில்லை. ஒப்பேத்தி திறந்து பார்த்தார். பொறியை எழுப்பும் பாயின்டைப் பிடித்து வைத்திருக்கும் சின்ன ஸ்பிரிங் ஒடிந்திருந்தது. நூல்கனத்தில் அதே வளைவோடு ஒரு ஸ்பிரிங் எங்கே இருக்கிறது என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். அவள் வெளியே வருவதற்குள் நர்சம்மாவின் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஊரே ஒப்பேத்தியைக் கொண்டாடியது. பள்ளிக்கூடத்துக்கு அன்றே கொடுக்க வேண்டிய சீருடைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்த அவளுக்கு, மெஷின் தையலுக்குப் பதிலாகப் பஞ்சு மாதிரி நூலைத் துப்பியது. அவள் சாயங்காலம் வரை அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் உள்ளே வந்து, வேறு ஸ்பிரிங் வாங்கித் தருகிறேன் என்று ஆரம்பித்தார்.

“அந்தப் புள்ள பிழைச்சுதா?” என்று கேட்டாள்.

“பிழைச்சுது.”

“அப்ப நான் என்ன சொல்ல முடியும்? எப்பவும் யாராவது ஒருத்தர் நடுவழியில நிக்கிறாங்க. எப்பவும் நீங்க செஞ்சது சரியாத்தான் இருக்கு. உங்க மேல தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க. அதுதான் எனக்குத் தாங்கலை.”

மறுநாள் காலை மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். கதவைச் சாத்திவிட்டுப் போகத்தான் பார்த்தாள், அது சாத்தவில்லை.

வண்டிகள் மாலையில் வழி மாறிப் போகின்றன என்று பட்டறைக்குப் புகார் வந்தபோது, ஹேண்டிலுக்குள் உருளும் பால்ரஸ் குண்டுகள் தேய்ந்திருக்கும் என்றுதான் ஒப்பேத்தி நினைத்தார். எல்லா வண்டிக்குமா ஒரே நாளில் தேயும் என்று வாத்தியார் கேட்டதும், தபால்காரரின் வண்டியை எடுத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். மனைவி எங்கே இருக்கிறாள் என்று அவர் அதுவரை யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் கோபத்தில் போனவளாகிவிடுவாள், விசாரிக்காதவரை எங்கோ போயிருக்கிறவள்தான் என்று அவருக்கு ஒரு கணக்கு. பொழுது சாய்ந்ததும் வண்டி அவர் கைக்கு அடங்காமல் திரும்பியது. துணிக்கடை வாசலில் இன்னும் பல வண்டிகள் உறுமிக்கொண்டு நிற்க, அவற்றின் நடுவே அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். இது அலமாரி, இது ஜன்னல் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அவர் ஓட்டி வந்த வண்டிக்கு முன்னால் வந்து, “கட்டில்” என்று சொல்லி நிமிர்ந்தாள்.

“நீங்களா?”

“நான் வரலை. வண்டிதான் கூட்டிட்டு வந்துடுச்சு.”

“அதானே பார்த்தேன்” என்று டாங்க்கின் மேல் கை வைத்து அதை அணைத்தாள்.

வீட்டிலிருந்து கழற்றியவையெல்லாம் பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு ஏங்குகின்றன என்பது ஒப்பேத்திக்குப் பார்த்தவுடன் புரியக்கூடிய விஷயம்தான். ஆனால் பட்டறையை ஒட்டியிருந்த அந்த வீட்டு வாசலுக்கு ஒரு வண்டிகூட வந்து நிற்கவில்லை என்பதை, அன்று வண்டியைத் தபால்காரரிடம் விட்டுவிட்டு நடந்து திரும்பும் வழியில் அவர் வெகு நேரம் யோசித்துக்கொண்டே வந்தார்.

வருடங்கள் போயின. ஊருக்கு அது பழகிவிட்டது. சாயங்காலம் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல், வண்டி எப்படியும் அங்கே போகப் போகிறது என்று கிழிந்த சட்டையையோ உயரம் குறைக்க வேண்டிய கால்சட்டையையோ கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள். மெஷினுக்குப் புது ஸ்பிரிங் வாங்கிப் போட்டிருந்த அவளுக்குத் தையல் வேலை குவிந்தது. பிறகு வெளியூரில் யாரோ அந்தப் பழைய வண்டிகளுக்கு அசல் பாகங்களை மறுபடியும் செய்து விற்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவராக வந்து அசலை மாற்றித் தரச் சொன்னார்கள். ஒப்பேத்தி சந்தோஷமாகவே மாற்றினார். கழற்றிய கீல் முள், போல்ட், கொக்கி எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து ஒரு தகர டப்பாவில் சேர்த்தார். வீட்டைப் பழையபடி கட்டிவிட்டு அவளைக் கூப்பிடலாம் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுச் சாமான் எல்லாம் சேர்ந்த பிறகு ஒரு காலையில் பட்டறைக்கு விடுமுறை விட்டு, திருப்புளியோடு அலமாரியின் முன் உட்கார்ந்தார். கீல் முள் ஓட்டையில் லொடலொடவென்று ஆடியது. எஞ்சினுக்குப் பொருந்துவதற்காக அவரே அதை அராவியிருந்தார். கட்டில் போல்ட்டுக்கு அவரே வேறு மரை வெட்டியிருந்தார். கொக்கியை அவரே நிமிர்த்தியிருந்தார். அராவி எடுத்ததைத் திரும்பச் சேர்க்க எந்த அரத்தாலும் முடியாது. அந்தச் சாமான்கள் அவர் வீட்டுச் சாமான்கள்தான், ஆனால் அவர் வீட்டில் எதற்கும் அவை பொருந்தவில்லை. மத்தியானம் வரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, டப்பாவை மூடி, அதன் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் அழுததைப் பார்த்தது பக்கத்துக் கடைக்காரர் ஒருவர்தான். அவரும் வெளியே சொல்லவில்லை.

மனசு ஒரு வழியாக அடங்கிய பிறகு, ஒப்பேத்திக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். வண்டிகளிலிருந்து கழன்ற தேய்ந்த அசல் பாகங்களை அவர் என்றும் வீசியதில்லை. பட்டறை மூலையில் ஒரு டிரம் நிறையக் கிடந்தன. அலமாரிக் கீலுக்கு ராக்கர் பின்னைப் போட்டார். வாசல் கதவுக்குக் கியர் ஷாஃப்ட். கட்டிலுக்கு எஞ்சின் போல்ட். கண்ணாடியைக் கிளட்ச் தகடுகளால் சுவரில் இறுக்கினார். வேலை முடிந்தபோது கதவு ஒரே தள்ளலில் சாத்தியது. குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, முதன்முறையாகத் தன் காலால் நடந்து துணிக்கடை மாடிக்குப் போனார்.

“வீடு நல்லா நிக்குது இப்போ. கதவு சாத்துது” என்றார்.

“சாத்தட்டும்” என்றாள். மெஷினை நிறுத்தவில்லை. பிறகு நிறுத்தினாள். “வயசாயிடுச்சுங்க. மறுபடியும் மூட்டை கட்டிக்கிட்டு அவ்வளவு தூரம் வர எனக்குத் தெம்பு இல்லை. வீட்டை வேணும்னா இங்க கொண்டு வந்துடுங்க, இருந்துக்கறேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டுத் திரும்பினார்.

அந்த வாரமே வீடு நகரத் தொடங்கியது. வாசற்படிக்கும் சாக்கடைக்கும் நடுவே இருந்த இடைவெளி ஒரு சாண் குறைந்திருப்பதை அவர்தான் முதலில் பார்த்தார். பொழுது சாயும்போது சுவர்களில் சன்னமாக ஒரு உறுமல் கேட்கும். மேசை மேல் டம்ளர் நடுங்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். மழை நாளில் விரற்கடை, காய்ந்த நாளில் ஒரு சாண். திசை துணிக்கடைத் தெருதான். மின்சாரக்காரர் வந்து கம்பியை நீட்டிக்கொடுத்தார், பிறகு அவ்வப்போது நீட்டிக்கொடுப்பது அவர் வேலையில் ஒன்றாகிவிட்டது. தண்ணீர்க் குழாயில் ரப்பர் ஹோஸ் மாட்டினார்கள். வீதிமுனையில் திரும்ப மட்டும் வீட்டுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பக்கத்து வீட்டு மதில் ஒன்றில் உரசி, இரண்டு தரப்பும் மரியாதையாகப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். வீடு போகப் போகப் பட்டறை பின்தங்கியது. ஒவ்வொரு வருடமும் ஒப்பேத்தி வேலைக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாக நடந்தார், கடைசியில் நடக்க முடியாமல் பட்டறையை மூடினார். அவள் மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நர்சம்மா மட்டும், அசல் வந்தபோதே, தன் வண்டியிலிருந்த அந்தத் தையல் மெஷின் ஸ்பிரிங்கை மாற்ற மாட்டேன் என்றுவிட்டார். மாலையில் வண்டி அவரை அவளிடம் கொண்டு போகும்.

“வீடு எங்க வந்திருக்காம்?” என்று கேட்பாள்.

“மருந்துக்கடை தாண்டியாச்சும்மா.”

“இருமல் எப்படி இருக்கு அவருக்கு?”

“இருக்கு.”

இந்தப் பக்கம் ஒப்பேத்தியும், அவள் சாப்பிட்டாளா, கண் எப்படித் தெரிகிறது என்று நர்சம்மாவிடம்தான் கேட்பார். வீடு வந்து சேரட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் நின்ற அந்தத் தூரத்தை யாராவது ஒருவர் நடந்தே கடந்திருக்கலாம் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். அது அவர்களுக்குத் தெரியாததல்ல. கொஞ்ச தூரம்தானே, நாளைக்குப் போகலாம் என்று ஒவ்வொரு நாளும் தோன்றும் அளவுக்கு அது கொஞ்ச தூரமாகத்தான் இருந்தது.

துணிக்கடைத் தெருவுக்குள் வீடு நுழைந்து, மாடி ஜன்னலிலிருந்து அதன் வாசல் தெளிவாகத் தெரிய ஆரம்பித்த ஒரு மாலையில், உறுமல் கேட்கவில்லை. நர்சம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, மேலே ஜன்னலைப் பார்த்து நின்றார். அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, மிச்சமிருந்த தெருவை நடந்து முடித்து, வீட்டுக்குள் போனாள். அவர் கட்டிலின் இடப்பக்கம் படுத்திருந்தார். கட்டில் இறுக்கமாக, ஆடாமல் நின்றது. வலப்பக்கம் உட்காரப் போனவள், “உக்காரட்டுமா?” என்று கேட்டாள். கொஞ்சம் பொறுத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்து வந்து, வெளியே கூடியிருந்தவர்களிடம் “கொஞ்ச நேரம்” என்று மட்டும் சொல்லி, கதவை ஒரே தள்ளலில் சாத்தினாள்.

அவரை எடுத்துக்கொண்டு போன பிறகும் அவள் மாடிக்குத் திரும்பவில்லை. மெஷினை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள். வீடு அதன் பிறகு ஒரு விரற்கடைகூட நகரவில்லை. தெருவின் நட்டநடுவில் நின்றுவிட்டதை அகற்ற நகராட்சியிலிருந்து வந்தவர்களை அவள் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள், கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் கொஞ்ச நாளில் தார் ஊற்றிச் சாலையை வளைத்துக் கொடுத்தார்கள். புதிதாக வருகிறவர்கள், நேராகப் போகிற தெருவில் இதென்ன வளைவு, எந்த இன்ஜினியர் போட்டது என்று முணுமுணுப்பார்கள். ஊர்க்காரர்கள் யோசிக்காமலே ஹேண்டிலை ஒடித்துச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அந்த இடத்தில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. உள்ளே அந்தம்மா தைத்துக்கொண்டிருக்கும்.