சிவப்பு காருக்கு மறுபூஜை

ஸ்வர்ணாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. தல்லாகுளத்திலிருந்து எழுமலைக்கு வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டி வந்தது, எட்டி நின்று வேடிக்கை பார்க்கவா?

சோளக் கிடங்கின் வாசலில் கார் நின்றது. கூரையை மடக்கித் திறந்துவிடுகிற பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வயது ஐம்பதுக்கு மேல். ஆயுத பூஜைக்கென்று அதன் சொந்தக்காரர் ஜெயக்கொடி மணமேடை மாதிரி ஜோடித்து வைத்திருந்தார். இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முன்கண்ணாடியில் சாமந்தி மாலை, கதவெங்கும் சந்தனப் பொட்டு.

"நாளைக்குக் காலையில மறுபூஜை முடிஞ்சதும் தொட்டுக்கங்க தாயி. பூஜையில வச்ச பொருள அதுக்கு முன்ன தொடப்படாது."

"அண்ணே, இன்னைக்குப் பாக்க வாரேன்னு போன்ல சொன்னேன்ல?"

"பாக்க வாங்கன்னுதான் நானும் சொன்னேன். தொடலாம்னு சொல்லலையே."

ஸ்வர்ணா மணியைப் பார்த்தாள்.

காரை வாங்கவிருந்தவர் மதுரையில் பழைய கார்களாக வாங்கிச் சேர்க்கும் சௌரிராஜன். அவருக்கு ஒரே பிடிவாதம். கம்பெனியில் அடித்த பெயிண்ட் அப்படியே இருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் ஸ்வர்ணா பார்த்துச் சொல்லாவிட்டால் கோயம்புத்தூரில் வேறொரு காரைப் பேசி முடித்துவிடுவார். இது அமைந்தால் அவருடைய அத்தனை கார்களின் பெயிண்ட் வேலையும் ஸ்வர்ணாவின் பட்டறைக்குத்தான். அமையாவிட்டால் பழையபடி கீறல் விழுந்த வண்டிகளுக்கு டச்சப் செய்துகொண்டு கிடக்க வேண்டியதுதான்.

கையைக் கட்டிக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சக்கர வளைவுகளில் துருக் கொப்புளம் இல்லை. கதவோரத்து இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீர். துணிக்கூரையின் மடிப்பில் லேசான வெடிப்பு, அது போகட்டும். பொட்டு வைக்காமல் விட்டிருந்த பானெட் மட்டும் அவள் முகத்தையே காட்டியது. ஆனால் பளபளப்பை நம்பி வாக்குக் கொடுக்க முடியுமா? ஒடுக்கைப் பட்டி பூசி மறைத்துப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தாலும் மேலே இப்படித்தான் மின்னும். பெயிண்டின் கனம் பார்க்கும் மீட்டரை ஒரு தரம் வைத்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். வைக்கத்தான் விடமாட்டேன் என்கிறாரே.

"அண்ணே, நாளைக்குப் போடுற மறுபூஜைய இப்பவே போட்டா என்ன?"

"விடியணும்ல தாயி."

"சாமி கோவிச்சுக்காதுண்ணே. இன்னைக்கு விட்டா அவரு வேற காரு வாங்கிருவாரு. அப்பறம் வருசா வருசம் நீங்களே இதுக்குப் பொட்டு வச்சுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

ஜெயக்கொடி தலையைச் சொறிந்தார். புதுச் சோளம் வருவதற்குள் அவருக்கும் கார் அடைத்து வைக்கும் கிடங்கு காலியாக வேண்டும். "சரி, இம்புட்டு அவசரப்படுத்துறீங்க. போட்டுருவோம்."

அப்பாடா என்றிருந்தது ஸ்வர்ணாவுக்கு. வேப்பமரத்தடியில் நின்ற ஸ்கூட்டரிலிருந்து மீட்டரை எடுத்து, அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தவள் ஓட்டமாக ஓடி வந்தாள்.

பானெட்டின் நட்டநடுவில், வெறும் பெயிண்டின் மேல், ஒரு கை சூடம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

"என்னண்ணே பண்றீங்க? தட்டுல வைக்க வேண்டியதுதான?"

"சூடத்தட்டு வீட்டுக்குள்ள சாமி ரூமுல பூஜையில இருக்கு. அங்க மறுபூஜை நாளைக்குத்தான, இன்னைக்கு எப்படி எடுக்க? நாளைக்குன்னா தட்டுலயே காட்டியிருப்பேன்."

அணைக்கப் போன அவள் கையை மறித்தார். "அணைக்கப்படாது தாயி. தானா அடங்கணும்."

தானாகவே அடங்கியது. அடங்கிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் கருகிப் பொரிந்திருந்தது. அவரை எப்படித் திட்டுவது? அவசரப்படுத்தியது அவள்தானே.

"இப்பத் தொட்டுக்கங்க," என்றார் ஜெயக்கொடி சந்தோஷமாக.

தொட்டாள். கதவு, பின்மூடி, சக்கர வளைவு என்று மீட்டரை வைத்துக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் கூடப் பட்டி இல்லை. அன்று கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது கார்.

போன் அடித்தது. சௌரிராஜன்தான்.

"என்னம்மா, பெயிண்ட் ஒரிஜினல்தானா?"

"ஒரிஜினலாத்தான் இருந்துச்சு சார்," என்றாள் ஸ்வர்ணா. "நான் வர்ற வரைக்கும்."