முதல் மணியிலேயே எடுப்பவர்

விமானியின் மனைவி என்றால் எல்லோருக்கும் ஒரு நினைப்பு இருக்கிறது. புருஷன் வானத்தில் பறப்பார், அவள் வெளிநாட்டுச் சென்ட் பூசிக்கொண்டு கீழே காத்திருப்பாள் என்று. கொழும்புக் கொட்டாஞ்சேனையில் எங்கள் குறுகலான ஒழுங்கைக்கு வந்து பார்த்தால் தெரியும். என் புருஷன் ஹியூபேட் மாதத்தில் பாதி நாள் சாரத்தோடு வீட்டில்தான் இருப்பார். அதற்குப் பெயர் ஸ்டான்ட்பை. யாராவது ஒரு விமானிக்குக் காய்ச்சல் கண்டால் அந்த இடத்தை நிரப்ப ஓர் ஆள் உடுத்திக்கொண்டு இறங்கத் தயாராக இருக்க வேண்டும். அந்த ஆள் இவர். பெரும்பாலும் யாருக்கும் காய்ச்சல் வராது. இவர் சும்மா இருப்பார். ஆனால் மற்ற மனிதர்களைப் போல நிம்மதியாகச் சும்மா இருக்கவும் முடியாது.

பழைய விதி எனக்கு மனப்பாடம். ஸ்டான்ட்பை என்றால் முழு நாளும் ஸ்டான்ட்பை. எந்நேரமும் கூப்பிடலாம். கூப்பிட்டால் பத்து மணி நேரம் கழித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நின்றால் போதும், ஆனால் போனை மட்டும் உடனே எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் விளக்கம் கேட்டு ஆளை வறுத்தெடுப்பார்கள். அதனால் இவர் போனைப் பொலித்தீன் பையில் சுற்றிக் குளியலறைக்குள் கொண்டுபோவார். பூசையில் நற்கருணை வாங்கப் போகும்போதும் அது சட்டைப்பையில் இருக்கும். கடவுள் கூப்பிட்டாலும் இவ்வளவு கெதியாக எடுப்பீரோ என்று ஃபாதர் ஒருநாள் பகிடியாகக் கேட்டார். நான் சிரித்தேன். இவருக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிப் போனது அந்தக் காலத்தில்தான். ஹியூபேட்டின் இரத்தம் எனக்குச் சேரவில்லை. என் ஒரே அண்ணனுக்குச் சீனி வருத்தம், நீரிழிவுக்காரனிடம் சிறுநீரகம் கேட்கவே முடியாது. பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. ஆக, எங்கோ ஒருவர் விபத்தில் மூளை செத்துக் கிடந்து, அவருடைய வீட்டார் மனம் வைத்து, அந்தச் சிறுநீரகம் எனக்குப் பொருந்தினால்தான் உண்டு. அதுவரை வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கதிரையில் கையில் ஊசியோடு கிடந்து இரத்தத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும். டொக்டர் இன்னொன்றும் சொன்னார். கழுவக் கழுவ இருதயம் களைத்துக்கொண்டு போகும், ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒப்பரேஷனைத் தாங்காது, அதற்கு முன் கிடைத்துவிட வேண்டும் என்றார்.

பெயர் பதியப் போன அன்று அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான தாதி ரிஸ்னா மிஸி எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள். சிறுநீரகம் ஒன்று வந்தால் நெடுநேரம் வைத்திருக்க முடியாது. அதனால் ஒருவரை மட்டும் கூப்பிடுவதில்லை. முதலாமவருக்கு அன்றைக்கென்று சுகமில்லாமல் போனால் வீணாகிவிடக்கூடாது என்று இரண்டாமவரையும் கூப்பிட்டு இருத்தி வைப்பார்கள். முதலாமவர் அகப்படாவிட்டால் அது இரண்டாமவருக்குப் போய்விடும். ஹியூபேட் இதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீரும் ஸ்டான்ட்பைதான், கொறற்றி" என்றார். என் முழுப்பெயர் மரியகொறற்றி. அதன் பிறகு எங்களுக்குள் அதுவே பகிடியாகிவிட்டது. யாருடைய கம்பனி நல்லது என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். இவருக்கு லீவு உண்டு, எனக்கு இல்லை. இவரைக் கூப்பிட்டால் கோட்டுப் போட்டுக்கொண்டு போகலாம், என்னைக் கூப்பிட்டால் கழற்றிவிட்டுப் படுக்க வேண்டும்.

எந்த நேரம் அடித்தாலும் கட்டாயம் எடுக்கிற நம்பர் ஒன்று தரச் சொன்னாள் மிஸி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இவருடைய போனைக் காட்டினோம். என் போன் எந்தப் பையில் கிடக்கிறது என்பது எனக்கே தெரியாது. இவரோ முதல் மணியிலேயே எடுப்பவர். கொழும்பிலேயே இதைவிடத் திறமான நம்பர் கிடையாது என்று நான் பெருமையடித்தேன். இரண்டாவது நம்பராக வீட்டுப் போனைக் கொடுத்தோம். பிறகு யாரோ செப்புக் கம்பிக்காக எங்கள் ஒழுங்கையின் வயரை வெட்டிக்கொண்டு போனதில் அந்தப் போன் செத்தது. இரண்டு தரம் முறைப்பாடு சொல்லிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டோம்.

ஒருமுறை கூப்பிட்டார்கள். நாங்கள் புறக்கோட்டையில் சாமான் வாங்கிக்கொண்டு நின்றோம். ஒரு கையில் வெங்காயப் பையோடு இவர் மறுகையால் போனை எடுத்தார். வெங்காயத்தையும் தூக்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்று நான் இரண்டாமவள். முதலாமவர் நல்ல சுகத்தோடு வந்து நின்றதால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கவலையைவிடத் தைரியம்தான் வந்தது. கூப்பிடுகிறார்கள், நாங்களும் எடுக்கிறோம், இனி என் முறை வரவேண்டியதுதான் பாக்கி.

அதற்குப் பிறகு நாடு கடனில் விழுந்தது. பெற்றோல் வரிசையில் நின்று களைத்த விமானிகள் ஒவ்வொருவராக வளைகுடாப் பக்கம் பறந்துவிட்டார்கள். மிஞ்சியவர்களை வைத்து ஓட்டுவதற்காகக் கம்பனி ஸ்டான்ட்பை விதியை மாற்றப் பார்த்தது. எந்த விதி நல்லது என்று ஒப்பிட்டுச் சொல்ல விமானிகள் சங்கம் இரண்டு பேரை நியமித்தது. ஒருவர் ஹியூபேட், மற்றவர் வெள்ளவத்தையில் இருக்கும் கப்டன் றேமண்ட். ஒப்பிட்டதெல்லாம் எங்கள் சாப்பாட்டு மேசையில். எந்த நாட்டில் எப்படி, எந்தக் கம்பனியில் எத்தனை மணி நேரம் என்று கிழமைக்கணக்கில் மாரடித்தார்கள். நான் கட்லட் பொரித்துப் பொரித்து வைத்தேன்.

புதிய விதி இப்படி. ஸ்டான்ட்பை முழு நாளும் இல்லை, பன்னிரண்டு மணி நேரம் மட்டும். எந்தப் பன்னிரண்டு என்பதை ஒரு மாதம் முந்தியே சொல்லிவிடுவார்கள். ஆனால் அதற்குள் கூப்பிட்டால் தொண்ணூறு நிமிடத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். இரவு ஸ்டான்ட்பை என்றால் பகலில் கட்டாயம் நித்திரை கொள்ள வேண்டும், அந்த நேரத்தில் கம்பனி கூப்பிடக்கூடாது. கூப்பிடுவதற்கென்று கம்பனியே தனியாக ஒரு போன் தரும். றேமண்டுக்கு இது துப்பரவாகப் பிடிக்கவில்லை. பின்னேரம் காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி தாண்டவே அரை உயிர் போய்விடும், கட்டுநாயக்காவுக்குத் தொண்ணூறு நிமிடத்தில் எப்படிப் போவது என்று கத்தினார். கொட்டாஞ்சேனைக்காரருக்கு ஹைவே காலடியில் என்றும் குத்திக் காட்டினார்.

"றேமண்ட், எண்டைக்கு நான் வீட்டிலை நிப்பன் எண்டு முந்தியே தெரிஞ்சால் எனக்குக் காணும்" என்றார் ஹியூபேட். "இவவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேணும்."

றேமண்ட் என் கையில் ஊசி குத்திக் குத்திப் புடைத்து நின்ற நரம்பைப் பார்த்தார். பிறகு வாதாடவில்லை. புதிய விதியே நல்லது என்று இரண்டு பேரும் எழுதிக் கொடுத்தார்கள். எனக்காக ஒரு சங்கமே வளைந்து கொடுத்தது போல அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கம்பனிப் போன் வந்தது, கறுப்பு நிறம். அன்றிலிருந்து இவருடைய பழைய போனுக்கு மரியாதை குறைந்தது. பகல் நித்திரைக்குப் போகும்போது அதை அணைத்து அலுமாரிக்குள் வைத்துவிடுவார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு மனிதன் போன் பயம் இல்லாமல் நித்திரை கொண்டார். குறட்டைகூட விட்டார். கொட்டாஞ்சேனையில் ஓர் ஆளைப் பகலில் நித்திரையாக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. வாசல் மணியின் வயரைக் கழற்றினேன். மீன்காரனை எங்கள் மதிலடியில் கூவாதே என்று சொல்லி வைத்தேன். விசில் அடிக்கும் என்று குக்கரைத் தூக்கி மேலே வைத்துவிட்டேன்.

அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான். இவர் உள்ளே படுத்திருந்தார், ஆறு மணிக்கு ஸ்டான்ட்பை தொடங்கும். எனக்கு அன்று ஆஸ்பத்திரி இல்லை. நான் அடுப்படியில் இருந்து இறால் உரித்தேன். ஒரு சத்தம் இல்லை. வீட்டை நன்றாக வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மத்தியானம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஐந்து மணிபோல எழும்பி முகம் கழுவி, தேத்தண்ணியைக் குடித்தபடி பழைய போனை ஒன் பண்ணினார். தவறிய அழைப்புச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. எல்லாம் ஒரே நம்பர். கோப்பையை மேசையில் வைக்கத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த நம்பருக்கு எடுத்து, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். ரிஸ்னா மிஸிதான் பேசினாள்.

"சேர், எத்தின தரம் அடிச்ச நாங்க. வீட்டு நம்பருக்கும் அடிச்ச. இந்த முற மேடம்தான் முதலாவது. டொக்டர் ஏலுமான மட்டும் பாத்துக்கொண்டு இருந்த. பொறகு ரெண்டாவது ஆளுக்குக் குடுத்திட்டாங்க."

இப்போது வந்தால் சரிவராதா என்று ஹியூபேட் கேட்டார். மிஸி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

உலகத்து விதிகளையெல்லாம் மேசையில் பரப்பி ஒப்பிட்டுப் பார்த்த இரண்டு பேர். அவர்களுக்கும் தோன்றவில்லை, கட்லட் பொரித்த எனக்கும் தோன்றவில்லை. மணி அடிக்கிற போன் மாறிவிட்டது, ஆஸ்பத்திரியில் கொடுத்த நம்பர் மாறவில்லை. எங்கள் தலைக்குள் அது இன்னும் கொழும்பிலேயே திறமான நம்பராகத்தான் இருந்தது.

ஆறு மணிக்கு இவர் கறுப்புப் போனை மேசையில் வைத்து அதற்கு முன்னால் உட்கார்ந்தார். நான் வயரை வெட்டினவனைத் திட்டினேன். கம்பனியைத் திட்டினேன். இன்னும் கொஞ்சம் கத்தியிருந்தால் என்ன என்று றேமண்டையும் திட்டினேன். இவரைத் திட்ட மனம் வரவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். விடியும் வரையில் கம்பனி கூப்பிடவேயில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. அது சரோஜினிதேவியின் கதிரை. என்னோடு பிஸ்கட் பகிர்ந்து சாப்பிடுகிறவள், மூன்று பிள்ளைகளின் தாய். இரண்டாமவள் அவள்தான். சில நாள் கழித்து மிஸி ஓடிவந்து, சரோஜினிதேவிக்கு மூத்திரம் போகத் தொடங்கிவிட்டது என்றாள். எங்களைப் போன்றவர்களுக்கு அதைவிடப் பெரிய நல்ல செய்தி கிடையாது. வார்டே கை தட்டியது. ஊசி இல்லாத கையால் நானும் கதிரைப் பிடியில் தட்டினேன். எனக்கு அவள்மேல் அவ்வளவு எரிச்சலாக இருந்தது, பிறகு அவளுடைய பிள்ளைகளை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

ஹியூபேட் நித்திரையை விட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய் எங்கள் எல்லா நம்பரையும் கொடுத்தார். பகலில் படுப்பார், பழைய போன் நெஞ்சின்மேல் இருக்கும், கண் திறந்தபடி இருக்கும். இரவில் எழும்பிப் போய் விமானம் ஓட்டுவார். கொஞ்ச நாளில் றேமண்ட் வெள்ளவத்தையிலிருந்து வந்தார். இவர் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அடுப்படி வாசலில் நின்று மெல்லச் சொன்னார்.

"கொறற்றி, போன கிழமை நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டாய்ப் பறந்தனாங்கள். இறங்கிற நேரம் ஆள் கண்ணைத் திறந்துகொண்டே நித்திரை. பின்னுக்கு இருநூறு சனம். இன்னொருக்கால் நடந்தால் நான் சொல்லத்தான் வேணும், பிறகு அவர் பறக்கேலாது."

நான் றேமண்டுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். சொல்வதற்கு என்னிடம் வேறு ஒரு விஷயம் இருந்தது, அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதற்கு முந்தின கிழமைதான் டொக்டர் என் இருதயத்தை ஸ்கான் பண்ணிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். இனி ஒப்பரேஷன் தாங்காது, வரிசையிலிருந்து பெயரை எடுக்க வேண்டியிருக்கிறது என்றார். நான் சரி என்றேன். இவருக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ரிஸ்னா மிஸி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பதால் இன்னும் பயமாக இருக்கிறது.

அடுத்த இரவு ஸ்டான்ட்பைக்கு முன் இவர் வழக்கம்போலப் பகலில் போய்ப் படுத்தார். நான் திரையை இழுத்துவிட்டுக் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தேன். போன் நெஞ்சின்மேல் கிடந்தது, இரண்டு கையும் அதன்மேல்.

"திருப்பிக் கூப்பிடுவினம்தானே?" என்று கேட்டார்.

"ஓம், கூப்பிடுவினம். இந்த முறை என்ரை நம்பருக்குத்தான் முதல் அடிப்பினம், மிஸியோடை கதைச்சிட்டன். நான் முழிச்சுக்கொண்டுதானே இருக்கிறன். நீங்கள் படுங்கோ."

"நீர் எடுப்பீரோ?"

"முதல் மணியிலேயே எடுப்பன்."

கையைத் தளர்த்தினார். நான் போனை எடுத்து அணைத்து அலுமாரிக்குள் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய மூச்சு நீண்டது, பிறகு குறட்டை கேட்டது. நான் அடுப்படிக்குப் போய் என் போனையும் தேடி எடுத்தேன். அதையும் அணைத்துவிட்டு, சத்தம் வராமல் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன்.