ஈரச்சாக்கும் எட்டு மையங்களும்

1.

இந்தக் கதைக்குக் காரணம் ஓர் அறிக்கையின் ஒற்றை வரி: ‘படகுக்காரர் பெட்டியைத் திறந்து செயலியை மாற்றியிருக்கிறார்.’ அதைப் படித்த கையோடு எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தோடு ஒரு தொடக்கம் எழுதினேன்:

‘மாமல்லபுரத்துக்கு வடக்கே கடல் அன்று பொன்னிறமாக…’

அடித்துவிட்டேன். கடலின் நிறத்துக்கும் இந்த அநியாயத்துக்கும் சம்பந்தமில்லை. நேராகப் புதிருக்கு வருகிறேன். படகில் பொருத்தும் இடங்காட்டிப் பெட்டி ஒன்று. காலையில் தன் செயலியின், அதாவது உள்ளிருக்கும் பிராசசர் சில்லின், அடையாள எண்ணைச் சரியாகச் சொல்கிறது, மதியம் வேறு எண் சொல்கிறது. அதே பெட்டியைக் கழற்றி வந்து, அதைப் பொருத்திய நிறுவனத்தின் கூடுவாஞ்சேரி அலுவலகத்தில் பொறியாளர் தேவிப்பிரியா இருநூறு முறை ஓட்டிப் பார்த்தாள். ஒரு முறைகூட எண் மாறவில்லை.

2.

(விதியைச் சொல்லிவிடுகிறேன். கதைக்காக நான் உண்டாக்கியதுதான். அலுவலகப் பதிவில் உள்ள எண்ணிலிருந்து மாறினால் பெட்டி பூட்டிக்கொள்ளும், படகு கடலுக்குப் போகக்கூடாது. செயலியை மாற்றியது உண்மை என்று விசாரணையில் முடிவானால் உரிமம் ரத்து.)

அந்தப் படகுக்காரர் தனக்கோடியின் படகு பூட்டப்பட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை விசாரணை.

“பெட்டி மேல சாக்கு போட்டு வச்சிருந்தான். போட்டோ இருக்கு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?” என்றார் மேலாளர் சம்பத்.

“செயலிய மாத்தினவர் சாக்கு எதுக்கு சார் போடணும்?” என்று கேட்டாள் தேவிப்பிரியா.

“அத அவனத்தான் கேக்கணும்.”

“யாராவது கேட்டீங்களா?”

சம்பத் கணினித் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

(இங்கே அவரைக் கொடியவராக்கி ஒரு பத்தி எழுதி, பிறகு எடுத்துவிட்டேன். அவர் கொடியவரில்லை, கேட்கத் தோன்றாதவர். ஒரு மனிதனின் பிழைப்பைப் பறிக்க அதுவே போதும் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.)

3.

புதன்கிழமை மதியம் தேவிப்பிரியா பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு குப்பத்துக்குப் போனாள்.

“இன்னாமா, இன்னொரு பூட்டு போட வந்துகீறியா?” என்றார் தனக்கோடி.

“இல்லண்ணா. சாக்கு எதுக்குன்னு கேக்க வந்தேன்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இஞ்சினு பக்கத்துல மாட்னது உங்காளுங்கதான். வெயிலும் சேந்தா தோசக்கல்லு கணக்கா கொதிக்குது. ஈரச்சாக்கு போட்டா ஒழுங்கா கீது. அன்னிக்கு சாக்கு காஞ்சிப்போச்சு, பெட்டி என்னத் திருடன்னு சொல்லிடுச்சு. வந்தவன் போட்டோ புட்சான், வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கல.”

பெட்டியைப் பழைய இடத்திலேயே மாட்டினார்கள். அவர் இஞ்சினை ஓடவிட்டார். அவள் மடிக்கணினியை இணைத்து, வெயிலில் காத்திருந்தாள். நாற்பதாவது நிமிடம் எண் மாறியது.

4.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அந்தச் செயலிக்குள் எட்டு மையங்கள், அதாவது தனித்தனியே கணக்குப் போடும் எட்டு ‘கோர்’கள். நான்கு பெரியவை, வேகமானவை. நான்கு சிறியவை, சிக்கனமானவை. இரண்டு வகைக்கும் அடையாள எண் வேறு வேறு. ‘இது எந்தச் செயலி?’ என்று ஒரு நிரல் கேட்டால், இயங்குதளத்தின் அடிப்படை நிரலான கெர்னல்தான் பதில் சொல்லும். இந்தக் கெர்னல், கேள்வி அப்போது எந்த மையத்தில் ஓடுகிறதோ அதன் எண்ணை மட்டும் எடுத்துக் கொடுத்தது. அலுவலகத்தின் ஏசி குளிரில் கேள்வி எப்போதும் பெரிய மையத்திலேயே ஓடியது. படகில் சூடு ஏறியதும் அதைக் குறைக்கக் கெர்னல் பெரியவற்றை அணைத்தது. சிறியது ஒன்று பதில் சொன்னது. எந்த எண்ணும் பொய்யில்லை. யாரும் எதையும் மாற்றவுமில்லை.

(இருநூறு சோதனையும் ஏசி அறையில். வெயிலில் ஒன்றுகூட இல்லை. பெட்டியைக் காப்பாற்றிய சாக்கைப் படம்பிடித்து, குற்றத்துக்குச் சாட்சி என்றார்கள்.)

5.

முடிவுகள்.

அ) விசாரணையில் சம்பத் எழுந்து மன்னிப்புக் கேட்டு… (எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

ஆ) தேவிப்பிரியாவின் விளக்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, உரிமம் ரத்து என்று… (எழுத மாட்டேன்.)

வெள்ளிக்கிழமையை உங்களிடம் விட்டுவிடுகிறேன். தனக்கோடியைப் பேசவிட்டு எழுதுங்கள். என் கையில் இருப்பது தீர்வு மட்டும். வியாழன் மதியம் சாக்கில்லாமல், இஞ்சின் ஓட, தேவிப்பிரியா இரண்டு மணிநேரம் சோதித்தது, எண் மாறவில்லை:

பெட்டி இயங்கத் தொடங்கும்போதே கெர்னல் எட்டு மையங்களின் எண்களையும் படித்துப் பட்டியலாக வைத்துக்கொள்ள வேண்டும். கேள்வி எந்த மையத்தில் ஓடினாலும் அந்தப் பட்டியலையே பதிலாகத் தர வேண்டும். அலுவலகப் பதிவிலும் அதே பட்டியல் இருக்க வேண்டும்.