நாற்பது நாள் கோழி சூப்

எங்கள் மலையூரில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் காவல். தலையில் துணி, காதில் பஞ்சு, தினமும் ஒரு கோழி. என் தம்பி வில்மாரின் பெண்டாட்டி யோர்லாடிஸ் பெண் குழந்தை பெற்றதும் எங்கள் அம்மா அடுப்படியைப் பிடித்துக்கொண்டாள். கோழிகளுக்குக் கெட்ட காலம். கிண்ணம் காலியாகத் திரும்பினால் மருமகள் தேறிவிட்டாள், அவ்வளவுதான் அம்மாவின் வைத்தியம்.

கிண்ணம் தினமும் காலியாகத்தான் திரும்பியது. பெருத்தது என்னவோ நாய். தம்பியோ தனி ரகம். மனைவி அழுதால் காதில் குளிர்காற்று ஏறிவிட்டது என்று இன்னும் கொஞ்சம் பஞ்சு அடைப்பான். இவனை நம்பித்தான் ஒரு காப்பித் தோட்டமே நடக்கிறது.

ஒருநாள் கொல்லைப்பக்கமாகப் போனேன். யோர்லாடிஸ் ஜன்னல் வழியே நாய்க்குக் கோழிக்கால் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி, உன் மாமியார் சமையலை மெச்ச இந்த நாய் ஒண்ணுதான் மிச்சமா?" என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. தொட்டிலில் குழந்தை வீறிட்டது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தூக்கினா ஒண்ணுமே தோணலக்கா. யாரோ பெத்த பிள்ளை மாதிரி இருக்கு. நீங்களே கொண்டு போயிருங்க. நான் இல்லாம போனாத்தான் அவளுக்கு நல்லது."

குழந்தையை ஒரு கையிலும் அவளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா வாசலை மறித்தாள். நாற்பது முடியவில்லை, வெளிக்காற்று பட்டால் செத்துப்போவாள் என்றாள்.

"உள்ளேயே செத்துக்கிட்டிருக்காம்மா. வழி விடு."

சுகாதார நிலையத்து டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். இது பாசம் இல்லாததால் வருவதல்ல, பிரசவத்துக்குப் பின் எத்தனையோ தாய்மாருக்கு வருகிற நோய், குணமாகும் என்றார். மருந்து கொடுத்தார். வாரம் ஒருமுறை பேச வரச் சொன்னார். அவளைத் தூங்க விடுங்கள், தனியாக விடாதீர்கள், குழந்தையைக் கொஞ்சச் சொல்லி நச்சரிக்காதீர்கள் என்றார். பின்னாலேயே வந்துவிட்ட அம்மா, மருந்தோடு கோழி சேருமா என்று மட்டும் கேட்டாள்.

ராத்திரிக் குழந்தை தம்பி பொறுப்பு. பகலில் நான். முதல் மாதம் யோர்லாடிஸ் தூங்கினாள், அழுதாள், பேசினாள். பிள்ளையைக் கேட்கவில்லை. யாரும் வற்புறுத்தவுமில்லை, எனக்குத்தான் நாக்கு அரித்தது.

அதற்கப்புறம் ஒரு காலையில் குழந்தை என் தோளில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. யோர்லாடிஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"இப்படியா பிடிப்பாங்க? கொடுங்கக்கா. உங்களுக்குத் தூக்கவே தெரியல."

ஐந்து பெற்று வளர்த்தவள் நான். வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டேன்.