வலதுபக்க வீட்டுச் சட்டம்

பெரியவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது வேன் டிரைவர் வீடு மாறிய நாளிலிருந்துதான். ஊரைவிட்டுப் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் போனது படிக்கட்டுக்கு அந்தப் பக்கம், தங்கச்சியின் வீட்டுக்கு.

அப்பா கட்டிய மாடிக் கட்டடம் அது. நடுவில் ஒரே படிக்கட்டு. இடதுபக்கத்து நான்கு வீடுகள் பெரியவளுக்கு, வலதுபக்கத்து நான்கும் சின்னவளுக்கு என்று எழுதி வைத்துவிட்டு அவர் போய்ச் சேர்ந்தார். இரண்டு பக்கமும் ஒரே செங்கல், ஒரே பெயின்ட், ஜன்னல்கூட ஒரே அளவு. ஆனாலும் சின்னவள் பக்கத்தில் ஒரு வீடு காலியானால், அடுத்த ஆள் பெட்டி படுக்கையோடு வந்து நிற்கிறார். இந்தப் பக்கம் 'வீடு வாடகைக்கு' என்ற பலகை வெயிலில் வெளுத்துக்கொண்டு தொங்குகிறது.

சின்னவளுக்குச் சிரித்துப் பேசவும் தெரியாது. வருகிறவர் வக்கீலானாலும் வாட்ச்மேனானாலும் ஒரே தாளைத்தான் நீட்டுவாள். வாடகை இந்தத் தேதிக்குள், பிராணிகள் கூடாது, ரிப்பேர் என்றால் சொல்லுங்கள், ஆள் வரும். அவ்வளவுதான். யார் கண்ணைக் கசக்கினாலும் தாளில் ஓர் எழுத்து மாறாது.

பெரியவளோ தாராள மனசுக்காரி. அப்படித்தான் அவளே சொல்லிக்கொள்வாள். பணிவாகப் பேசுவார் என்பதால் வாத்தியாருக்கு வாடகைத் தேதி கிடையாது. டெய்லரம்மா நாய் வளர்க்கலாம், ஏனென்றால் பெரியவளுக்கு ரவிக்கை சும்மா தைத்துத் தருகிறாள். கிளி வளர்க்கவா என்று டிரைவர் கேட்டபோது மட்டும் கூடாது என்றுவிட்டாள். அன்று அவள் தலைவலியில் இருந்தாள்.

"டெய்லரம்மாவுக்கு நாய் இருக்கலாம், எனக்குக் கிளி கூடாதாக்கா?"

"அவ வேற, நீ வேற."

அடுத்த மாதமே கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு படிக்கட்டைத் தாண்டிவிட்டான். அங்கேயும் கிளி கூடாதுதான். அதை அவன் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஒத்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டபோது பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சொன்னால் கசக்கிறது, அவள் சொன்னால் இனிக்கிறதோ?

இப்போது வலதுபக்கத்தில் மறுபடியும் ஒரு வீடு காலி. டெய்லரம்மா சின்னவளோடு படிக்கட்டில் நின்று பேசியதைப் பெரியவள் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டாள். அன்று சோறு இறங்கவில்லை. மற்றவர்கள் போனால் வாடகை போகும். டெய்லரம்மா போனால் சாயந்திரம் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. இந்தக் கட்டடத்தில் தன்னைவிடத் தங்கச்சியைப் பெரிதாக நினைக்காத ஒரே ஜீவன் அவள்தான் என்று நம்பிக்கொண்டிருந்தாள் பெரியவள்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். ஜென்மத்தில் கேட்காதவள், தங்கச்சியிடம் போய் ஒரு உதவி கேட்டாள்.

"டெய்லரம்மா உன் பக்கம் வர ஆசைப்படுறா. எனக்காக அவளை நாயோட சேத்துக்கோயேன்."

சின்னவள் ஒத்துக்கொண்டால் அவள் சட்டம் காற்றில் பறக்கும். டிரைவர் கிளிக்கூண்டோடு வந்து சண்டை பிடிப்பான். மறுத்தாலோ டெய்லரம்மா நாயை விட்டுப் போகமாட்டாள். எப்படி விழுந்தாலும் தனக்கு லாபம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

"முடியாதுக்கா," என்றாள் சின்னவள். "உனக்காகன்னு ஒண்ணு செஞ்சுட்டு அப்புறம் டிரைவர் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

பெரியவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். படிக்கட்டுக்கு வந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலைவரைதான். டெய்லரம்மா நாயையும் அதன் தட்டையும் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள்.

"துரைய நீங்களே வச்சுக்குங்கக்கா. உங்ககிட்டதான் அவன் ஒட்டுவான். நான் அந்தப் பக்கம் போறேன்."

பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. "நாயைக்கூட விட்டுட்டுப் போற அளவுக்கு அங்க என்னடி இருக்கு? நான் உனக்கு என்ன குறை வச்சேன்?"

"ஒரு குறையும் வைக்கலக்கா." டெய்லரம்மா சேலைத் தலைப்பை முறுக்கினாள். "குழாய் ஒழுகுதுன்னு சொல்ல வர்றதுக்கு முன்னாடி ஒரு ரவிக்கைய முடிச்சு எடுத்துட்டு வருவேன். வாசல்ல நின்னு, நீங்க நல்ல மூடுல இருக்கீங்களான்னு பாத்துட்டுதான் வாயத் திறப்பேன். அங்க ஒழுகுதுன்னு சொன்னாப் போதும், ஆள் வந்துடுமாம். யாருக்கும் நல்லவளா நடிக்க வேண்டாம்க்கா. எனக்கு அலுத்துப் போச்சு."

பெரியவள் நாயின் கயிற்றை வாங்கிக்கொண்டாள். நாய் வாலை ஆட்டியது.

அதன்பிறகு துரை நாளெல்லாம் வலதுபக்கத்தைப் பார்த்தே படுத்துக் கிடந்தான். 'நீயுமாடா?' என்று பெரியவள் அவனைத் திட்டுவாள். ஆனாலும் அவள் நாற்காலியும் அதே பக்கம் பார்த்துத்தான் கிடந்தது.

கொஞ்ச நாள் வீம்பாக இருந்து பார்த்தாள். பிறகு முடியாமல், ரவிக்கைத் துணி ஒன்றைத் தேடி எடுத்தாள். நாயைப் படிக்கட்டுக் கம்பியில் கட்டிவிட்டு வலதுபக்கக் கதவைத் தட்டினாள். டெய்லரம்மா வாய்நிறைய வரவேற்று, அளவெடுத்து, வழக்கமான சிரிப்போடு தலைக்குமேல் இருந்த புது அட்டையைக் காட்டினாள். கூலி எழுதியிருந்தது. "எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா. வெள்ளிக்கிழமை வாங்கிக்கலாம்."

தங்கச்சி வீட்டுக் காற்று இவளுக்கும் அடித்துவிட்டது என்று பெரியவள் பொருமினாள். சண்டை போடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் பணத்தை எடுத்து வைத்தாள். அடுத்த முறையும் இந்தக் கதவைத் தட்டவேண்டுமே.

வெள்ளிக்கிழமை சொன்ன நேரத்துக்கு ரவிக்கை தயாராக இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தாள். தோளில் சுருக்கமில்லை, கையில் இறுக்கமில்லை, ஒரு கொக்கிகூட இழுக்கவில்லை. இத்தனை வருடம் சும்மா தைத்து வாங்கிய எந்த ரவிக்கையும் இப்படிப் பொருந்தியதில்லை. கண்ணாடிமுன் உட்கார்ந்து பெரியவள் விசும்பி விசும்பி அழுதாள்.