தட்டில் இல்லாத மீன்

அந்தத் தட்டின் இரண்டாவது மீனை உடைத்தவன் நான்தான் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். உடைத்த ஞாபகம் மட்டும் கிடையாது.

அது சீனத்துப் பழந்தட்டு. செலடன் என்பார்கள். கொய்யா இலையின் பின்பக்கத்தைப் போல ஒரு பச்சை. உட்சுவரில் கத்தியால் கீறிய பூக்கொடி. மேலே பூசிச் சுட்ட கண்ணாடி மெருகு கீறலில் தேங்கி நிற்பதால், கொடி தண்ணீருக்கடியில் அசைவதுபோல் இருக்கும். நடுவே, அச்சில் எடுத்து ஒட்டிய மீன் ஒன்று. அப்பாவின் பெரியப்பா கொடுத்தது; பெட்டியோடு அலமாரி உச்சியில் கிடந்தது. என் சின்ன வயதில் ஒருநாள் அப்பா அதை இறக்கி ஒரு விருந்தாளியிடம் காட்டினார். இந்த மாதிரித் தட்டில் மீன் ஜோடியாக இருக்குமே, இன்னொன்று எங்கே என்று அவர் கேட்டார். பார்த்தால், இருந்த மீனுக்கு எதிரே மீன் வடிவில் ஒரு தடம். அத்தனை கண்களும் அலமாரிக்குக் கீழே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த என்மேல் திரும்பின.

பேசாத பிள்ளைமேல் பழி சுலபமாக ஒட்டிக்கொள்ளும். அக்கா வாயாடி; அவள் உடைத்திருந்தால் தெருவுக்கே தெரிந்திருக்கும். அப்பா அடிக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். சாப்பிடும்போது கேட்டார், படுக்கப் போகும்போது கேட்டார். கடைசியில் ஆமாம் என்றேன். வீடு அமைதியானது, எனக்கும் படிக்க நேரம் கிடைத்தது. அப்பா ஜன்னல் கண்ணாடி பதிக்கும் மக்கில் ஒரு மீன் செய்து, பச்சை பெயிண்ட் அடித்து, தடத்தின்மேல் ஒட்டினார். கத்தரிக்காய்க்குக் கண் வைத்ததுபோல் இருந்தது.

சொன்ன சொல் உள்ளே வேர்விட்டுவிட்டது. வளர்ந்த பிறகும், மீனைப் பெயர்த்த விரல் இதில் எது என்று கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். யாராவது நல்ல பொருள் ஒன்றை நீட்டினால், வாங்குமுன்பே உடைத்துவிட்டவன்போல ஆகிவிடுவேன்.

போன மாதம் மக்கு மீன் மஞ்சளாகி, வாலில் விரிசல் விட்டது. பழம்பீங்கான் செப்பனிடும் பெண்ணிடம் தட்டைக் கொண்டுபோக ஏற்பாடு செய்தாள் அக்கா. அப்பாவும் கிளம்பினார். நான் வரவில்லை என்றேன்.

"குற்றவாளி இல்லாம கேஸ் எப்படிடா நடக்கும்? வா" என்றாள்.

பட்டறையில் ஸ்பிரிட் வாசனை. அந்தப் பெண் பஞ்சை நனைத்து, மக்கை ஊறவைத்து, மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினாள். அப்பாவின் மீன் கொழகொழவென்று வந்துவிட்டது. பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தவள் நிமிரவேயில்லை. மௌனம் எனக்குப் பிடிக்கும். அந்த மௌனத்தில் மட்டும் கைகளைப் பாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"வீட்டுல உடைஞ்சதுன்னு யார் சொன்னது?" என்றாள்.

அப்பா முகவாயால் என்னைக் காட்டினார். "இவன்தான். அவனே ஒத்துக்கிட்டான்."

அவள் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தாள். "ஐயா, இந்தத் தடத்தைத் தடவிப் பாருங்க. வழவழன்னு இருக்கா? பிற்பாடு உடைஞ்சிருந்தா சொரசொரப்பா மண் தெரியும். இதுமேல மெருகு ஓடியிருக்கு. மெருகு பூசறதுக்கு முன்னாடியே மீன் விழுந்திருச்சு. போனா போகுதுன்னு அப்படியே சூளையில வச்சுட்டாங்க. இந்தத் தட்டுல எப்பவுமே ஒரு மீன்தான்."

அப்பா தடவினார். மறுபடியும் தடவினார். என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"அப்ப ஏண்டா ஆமான்னு சொன்னே?"

"நீங்க விடலையேப்பா."

அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வர. என் கையை இழுத்து அந்தத் தடத்தின்மேல் வைத்தார். குளிர்ந்து, வழவழப்பாக இருந்தது.

"எந்தக் காலத்திலயோ சீனாக்காரன் கோட்டை விட்டதுக்கு நம்ம வீட்டுப் பையனைப் பிடிச்சு வச்சிருக்கீங்களேப்பா" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

புது மீன் செய்து பொருத்தவா என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வேண்டாம்மா. இல்லாத மீனை நான் ஒரு தடவை செஞ்சு பார்த்துட்டேன்" என்றார் அப்பா.

திரும்பும்போது காரிலிருந்தே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். என் பையன் உடைக்கவில்லை என்று பெரியம்மாவிடம், சித்தப்பாவிடம், மாமாவிடம் சொன்னார். அத்தையிடம் சொன்னதும் அவள் குரல் கார் முழுக்கக் கேட்டது:

"எனக்கு அப்பவே சந்தேகம்தான். அப்ப நீதான் உடைச்சியா?"

அப்பா இல்லை என்றார், சூளை என்றார், மெருகு என்றார், நாக்குழறினார். நான் போனை வாங்கிக்கொண்டேன்.

"அத்தை, அவரும் உடைக்கல. முதல்லேர்ந்து சொல்றேன், கேளுங்க."