இடப்பக்க ஸ்பிரிங்

திருமயம் பைபாஸ் ஓரத்தில் அஜித்தும் அவன் மனைவி ரஞ்சிதாவும் ஒரு கார் ஷெட் வைத்திருந்தார்கள். பழைய கார்களின் அடிப்பாக வேலையில் அவன் கெட்டிக்காரன். அவள் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவள். வீல் அலைன்மென்ட் மெஷின் அவள் பொறுப்பு. ஆள் தேவைப்பட்டால் வண்டிக்கு அடியிலும் படுப்பாள். ஷெட்டுக்குப் பின்னாலேயே வீடு.

மாசி மாதத்தில் சோமு தன் அப்பா வாங்கிய பியட் காரைக் கொண்டுவந்து விட்டார். பக்கத்து ஊர்க்காரர், சென்னையில் ஆடிட்டர். முன்பக்க ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ் எல்லாம் புதிதாகப் போட்டு, வண்டியின் முன்பக்கத்தை இரண்டு இஞ்ச் தாழ்த்தித் தர வேண்டும் என்றார். கட்டையான புது ஸ்பிரிங்குகளைக் கோயம்புத்தூரில் சொல்லிச் செய்து, அவரே கொண்டுவந்திருந்தார்.

"நம்ம ரோட்டுக்கு எதுக்குண்ணே தாழ்த்தணும்? ஸ்பீடு பிரேக்கர்ல எல்லாம் அடி தட்டுமே."

"பாக்க லட்சணமா இருக்கும் தம்பி. வேற ஒண்ணுமில்ல."

வலப்பக்க வேலை சிக்கலில்லாமல் முடிந்தது. மறுநாள் காலை அஜித் இடப்பக்கத்தில் உட்கார்ந்தான். பழைய ஸ்பிரிங்கை வெளியே எடுக்க, முதலில் அதை இரண்டு கிளாம்பு போட்டு இறுக்கிச் சுருக்க வேண்டும். சுருங்கி நிற்கும் ஸ்பிரிங் ஒரு ஆளையே தூக்கியெறியும். ரஞ்சிதா பெஞ்சருகே திரும்பி நின்று புது புஷ்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஷட்டர் அதிர்ந்தது.

அவள் திரும்பியபோது ஸ்பிரிங் தரையில் உருண்டுகொண்டிருந்தது. துருப்பிடித்த சுருளில் கிளாம்பின் கொக்கி வழுக்கிவிட்டது. அஜித் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தான்.

"ரஞ்சி, கரண்டு போயிருச்சா?" என்று கேட்டான்.

மதுரையில் இரண்டு தடவை ஆபரேஷன் செய்தார்கள். கன்ன எலும்பு சேர்ந்தது. வலது கண்ணுக்கு இனிமேல் பார்வை வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அஜித் ஷெட்டுப் பக்கமே போகவில்லை. அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைத்தான். செம்பிலிருந்து தம்ளருக்குத் தண்ணீர் ஊற்றினால் தம்ளருக்கு வெளியே விழுந்தது. ரஞ்சிதா துணியை எடுத்துக்கொண்டு போனாள். "வச்சிரு, நானே தொடைச்சுக்கிறேன்" என்று அவள் கையிலிருந்து பிடுங்கினான்.

பியட் அப்படியே நின்றது. வலப்பக்கம் தாழ்ந்து, இடப்பக்கம் சக்கரமில்லாமல் ஸ்டாண்டு மேல் ஏறி, ஒரு காலை மடக்கிக்கொண்டு நிற்கும் மாடு மாதிரி. சோமு வந்து அதைச் சுற்றிப் பார்த்தார்.

"வண்டிய நான் எடுத்துட்டுப் போயிர்றேம்மா. திருச்சியில குடுத்து முடிச்சுக்கிறேன். ஒங்களுக்கு இதுக்கு மேலயும் சங்கடம் வேணாம்."

"ஸ்பிரிங் இல்லாம எப்படிண்ணே எடுப்பீங்க? சக்கரமே மாட்ட முடியாதே."

"அத மொதல்ல இங்கேருந்து கெளப்பச் சொல்லு!" என்று உள்ளேயிருந்து அஜித் கத்தினான். "என் கண்ணு முன்னால..." அதோடு நிறுத்திக்கொண்டான்.

சோமு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவன் முன்னால் நின்றார். "தம்பி, நான் என்ன சொல்றதுன்னே தெரியல."

"ரெண்டு இஞ்சுண்ணே," என்றான் அஜித். "வெறும் ரெண்டு இஞ்சு."

சோமு தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்.

புதுக்கோட்டையிலிருந்து வேறு மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று அன்று மத்தியானம் ரஞ்சிதா கேட்டாள். "எவனும் வந்து என் ஷெட்டுல நின்னு உச்சுக் கொட்ட வேணாம்" என்றான் அஜித்.

"அப்ப நான் மாட்டுறேங்க."

"வேணாம்."

"பின்ன யாரு மாட்டுறது? நீங்களே சொல்லுங்க."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வெளியிலேயே காத்திருந்த சோமுவை ரோட்டோரம் நிற்கச் சொல்லிவிட்டு, ரஞ்சிதா தன் ஸ்கூட்டி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். புது ஸ்பிரிங்குக்குள் ஒரு இரும்புச் சங்கிலியை விட்டு வண்டிச் சட்டத்தோடு பிணைத்தாள். வழுக்கினாலும் தூரம் பறக்காது. முகத்தை நேரே நீட்டாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, கிளாம்பை மாற்றி மாற்றி இறுக்கினாள். ஸ்பிரிங் நழுவாமல் சுருங்கியது. திடீரென்று உள்ளே எங்கோ 'டிக்' என்றது. ஸ்பேனரைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். வேலியோரம் குனிந்து வாந்தியெடுத்தாள். மதுரை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "போதும்மா, விட்ரு. வண்டியே வேணாம் எனக்கு" என்றார் சோமு. அவள் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.

ஸ்பிரிங் தன் குழிக்குள் உட்கார்ந்தது. போல்ட்டுகளை முறுக்கி, கிளாம்பையும் சங்கிலியையும் கழற்றிவிட்டு ஷாக்கை மாட்டினாள். சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கியபோது, வீட்டுப்பக்கக் கதவில் அஜித் நின்றுகொண்டிருந்தான்.

எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று அவள் கேட்கவில்லை. அவன் வந்து இடப்பக்க டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்த்தான். சுற்றிப் போய் வலப்பக்கத்திலும் அப்படியே பார்த்தான்.

"சமமாத்தான் இருக்கு," என்றான். பிறகு, "பயந்தியா?"

"கை நடுங்கிருச்சுங்க."

"எனக்கு அன்னிக்கு நடுங்கவே இல்ல." ஹெல்மெட்டின் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "நானும் ஒருநாளாச்சும் இத மாட்டிருக்கலாம்."

அவள் அவன் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் அவன் திரும்பி உள்ளே போய்விட்டான்.

அலைன்மென்ட் பார்த்து முடித்ததும் சோமு வண்டியை எடுத்துப் போனார். அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

சித்திரை பிறந்ததும் அஜித், ஆலங்குடியில் அவன் மச்சான் வைத்திருக்கும் தேங்காய் மண்டிக்கு வேலைக்குப் போனான். லாரியில் ஏறும் தேங்காயை எண்ணும் வேலை. ஷெட்டில் ரஞ்சிதா அலைன்மென்ட் மட்டும் பார்க்கிறாள். ஸ்பிரிங் வேலை என்று யாராவது வந்தால், "அது இங்க பாக்குறதில்லைங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள்.

சாயங்கால பஸ்ஸில் அஜித் திரும்பி வருவான். ஷெட் வழியாக வந்தால் வீடு பத்தடிதான். ஆனால் அவன் சுற்றிக்கொண்டு, பின்னால் இருக்கும் சந்து வழியாகத்தான் வீட்டுக்குள் போகிறான். ஷெட்டில் நிற்கும் ரஞ்சிதாவுக்கு அவன் போவது தெரியும். அவள் கூப்பிடுவதில்லை.